படத்தில் மாத்திரையை எறிந்தார்கள்

சுரங்க முதலுதவி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். பழைய ஆள் என்ற முறையில் உங்களுக்கு நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டீர்கள். சரி என்றேன். செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உங்களில் ஒருவர் இன்னொன்றும் சொன்னார். மனச்சோர்வில் இருக்கும் தொழிலாளிகளுக்காக ஒரு படம் போடப்போகிறீர்களாம். 'ஃபீல் குட்' படமாம். இரண்டரை மணி நேரத்தில் மனசு லேசாகிவிடுமாம். அதை நான்தான் தொடங்கிவைக்க வேண்டுமாம்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், என் மருமகள் பயந்துபோயிருப்பாள். இப்போது சொல்கிறேன். தொடங்கிவைக்க மாட்டேன். ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு. வேறு அனுபவம் எதுவும் இன்றைக்கு என் வாயிலிருந்து வராது.

எனக்குச் சினிமா பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். எழுபதுகளில் நம் சுரங்க டவுன்ஷிப்பில் புதுப் படம் வந்தால் முதல் வாரத்திலேயே பார்க்கிற ஆள் நான். ஷிப்ட் முடிந்து, குளித்து, சைக்கிளை மிதித்தால் கொட்டகை. அப்படி நான் மூன்று முறை பார்த்த படம் ஒன்று உண்டு. அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம்.

கதையைச் சொல்கிறேன். மலை ஊரில் ஒரு பங்களா. அதில் ஒரு பணக்கார இளைஞன். ஏதோ துக்கத்தில் பேச்சை நிறுத்திவிட்டான். தாடி வளர்த்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருப்பான். வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், பிரயோஜனமில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு குறும்புக்காரப் பெண் குடிவருகிறாள். அவளும் குடும்ப டாக்டரும் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறார்கள். அவள் மாடிப்படியில் விழுந்து அடிபட்டதுபோல் கிடக்கிறாள், நெற்றியில் சிவப்பு மை. அவன் அலறிக்கொண்டு ஓடிவருகிறான், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். திரைக்குப் பின்னாலிருந்து எல்லோரும் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். அவனும் சிரிக்கிறான். டாக்டர் மாத்திரைப் புட்டியை எடுத்து, "இனிமேல் இது எதற்கு?" என்று ஜன்னல் வழியாக வீசுகிறார். அது தோட்டக்காரன் தலையில் விழுகிறது. கொட்டகை அதிரும். அடுத்த காட்சியில் தாடி இல்லை, பாட்டு.

மூன்று முறையும் தோட்டக்காரன் தலையைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன்.

சண்முகவேல் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்குக் காவல் அவர் வேலை. காவல் என்றால் பெல்ட்டை ஒட்டியே மைல் கணக்கில் நடந்து, எந்த உருளை கரகரக்கிறது, எது சூடேறுகிறது என்று பார்ப்பது. அதிகம் பேசமாட்டார். கம்பெனி கொடுத்த கோட்ரஸ் வீட்டின் பின்புறம் வெண்டையும் பீர்க்கங்காயும் போட்டிருந்தார். காய்த்தால் ஷிப்டுக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுப்பார். மனைவி கோமதி. இரண்டு பெண் குழந்தைகள். குடி கிடையாது, வம்பு கிடையாது.

ஒரு பொங்கலுக்குப் பிறகு அவருக்கு அது வந்தது. முதலில் கண்டுபிடித்தவர் கோமதிதான். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை அவர் நிறுத்திவிட்டார். பிறகு தூக்கம் போயிற்று. சாப்பாடு பாதியாயிற்று, பிறகு அதுவும் இல்லை. எங்களுக்குத் தெரிந்தபோது ஆள் சட்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்தார்.

அவரோடு வேலை பார்த்தவன் ஏழுமலை. குறிஞ்சிப்பாடிக்கு இந்தப் பக்கத்துக் கிராமம். அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அவன் கான்ட்ராக்டில் இருந்தான், என்றைக்காவது பர்மனென்ட் ஆகும் என்று காத்துக்கொண்டிருந்தான். சண்முகவேல் மேல் அவனுக்கு உயிர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்பான். ஒன்றுமில்லை என்பார் அவர். என்னிடம் வந்து ஏழுமலை புலம்புவான்.

"பர்மனென்ட் வேல, கோட்ரஸ், ரெண்டு புள்ளைங்க. இன்னா கொறச்சலுங்க அவுருக்கு? எதையோ மறச்சிகினு கீறாருங்க."

நாங்கள் எல்லோரும் அந்த மறைத்த காரணத்தைத் தேடினோம். கடனா? ஊரில் சொத்துத் தகராறா? யாராவது பெண்ணா? சினிமாவில் துக்கத்துக்குக் கண்டிப்பாக ஒரு பிளாஷ்பேக் இருக்குமல்லவா, அதைத் தேடினோம். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது சத்தியமான பதில் என்று எங்களில் ஒருவனுக்கும் படவில்லை. காரணம் இல்லாமலும் அது வரும், காய்ச்சல் வருவதுபோல வரும் என்று எந்தப் படமும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கோமதிதான் அவரைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு மனநல டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் அவர் விழுங்குவதுபோல் காட்டிவிட்டுத் துப்பிவிடுகிறார் என்று கோமதிக்குச் சந்தேகம். புட்டியை என்னிடம் கொடுத்தனுப்பினார். ஷிப்ட் தொடங்கும்போது என் முன்னால் ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். இதுதான் ஏற்பாடு. நான் கம்பவுண்டர் இல்லை, முதலுதவி உதவியாளன். ஆனால் சுரங்கம் முழுக்க எனக்குக் கம்பவுண்டர் என்றுதான் பெயர். அந்தப் பெயரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். மருந்து மெதுவாகப் பிடிக்கிறது என்று புரிந்துகொள்ளும் அறிவு எனக்கு இல்லை. அந்த வாரம்தான் ஏழுமலை நான் சொன்ன அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

யோசனை அவனுடையது. ஆனால் நான் இல்லாமல் அது நடந்திருக்காது. படத்தில் டாக்டர் வருகிறாரே, அந்த வேடத்துக்கு ஆள் வேண்டுமே, என்னிடம் வந்தான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் வேலையில் ரத்தம் கண்டால் பதறாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். கூட்டாளிகள் ஆசையாக ஒன்றைக் கேட்கும்போது, பொறு, யோசிக்கிறேன் என்று சொல்ல யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

பராமரிப்புக்காகப் பெல்ட்டை நிறுத்தியிருந்த ஒரு முற்பகல். ஏழுமலை பெல்ட் ஓரத்தில் விழுந்து கிடந்தான். நெற்றியிலும் சட்டையிலும் நான் பூசிய சிவப்பு மருந்து. ஒருவன் கத்தினான். சண்முகவேல் ஓடிவந்தார். அவ்வளவு பலவீனமான உடம்பு, எங்கிருந்து வந்ததோ, ஏழுமலையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மண்மேட்டுச் சரிவில் ஏறி முதலுதவி நிலையத்துக்குக் கொண்டுவந்து மேஜையில் கிடத்தினார். கண்ணைத் திற, கண்ணைத் திற என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏழுமலை எழுந்து உட்கார்ந்தான். கதவுக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் கைதட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சண்முகவேல் அசையாமல் நின்றார்.  கையில் ஒட்டியிருந்த சிவப்பை முகர்ந்து பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம். படம் பார்ப்பதுபோலவே காத்திருந்தோம்.

அவர் சிரித்தார்.

அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. ஒருவன் விசிலடித்தான். ஏழுமலை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான், அது மட்டும் நடிப்பில்லை. நான் அலமாரியைத் திறந்து மாத்திரைப் புட்டியை எடுத்தேன். "இனிமேல் இது எதற்கு?" என்றேன். ஜன்னல் வழியாக வீசினேன். வெளியே யார் தலையிலும் விழவில்லை. அதற்கும் சிரித்தோம்.

கேளுங்கள். ஒரு மனிதனின் மருந்தை, அவன் மனைவி என்னை நம்பிக் கொடுத்த மருந்தை, ஒரு வசனத்துக்காக நான் மண்ணில் எறிந்தேன். அன்று மாலை கோமதி கேட்டதற்கு, கம்பவுண்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று சண்முகவேல் சொல்லியிருக்கிறார். கோமதியும் நம்பிவிட்டார். ஏன் நம்பமாட்டார்? வெள்ளைச் சட்டை போட்டவன் சொன்னது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் சண்முகவேல் சிரித்துக்கொண்டே இருந்தார். எதிரில் யார் வந்தாலும் சிரிப்பார். எப்படி இருக்கிறீர்கள் என்றால், ரொம்ப நல்லா இருக்கேன் என்பார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம். டிபன் பாக்ஸை யாரும் திறந்து பார்க்கவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள், முதல் ஷிப்ட். காலையில் ஏழுமலை மகிழ்ச்சியாக வந்தான். சண்முகவேல் தன் சைக்கிளை அவனுக்கே கொடுத்துவிட்டாராம்.

"வச்சிக்கோடான்ட்டாருங்க. மனசு நல்லா தெளிஞ்சிட்சுங்க அவுருக்கு."

படத்தின் கடைசியிலும் அந்தப் பணக்காரப் பையன் வேலைக்காரர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுப்பான். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டு, பஞ்சும் டிஞ்சரும் வாங்கிவர ஆம்புலன்ஸ் வண்டியில் டவுன்ஷிப்புக்குப் போனேன்.

அங்கே ஆஸ்பத்திரி ஸ்டோர் பொறுப்பில் ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். நாங்கள் சிஸ்டர் என்போம். அதிகம் பேசாதவர், கண்டிப்பானவர். காயத்துக்குக் கட்டுப் போடுவது முதல் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றதுதான். அவரிடம் பெருமையடித்துக்கொள்ள எனக்கு ஆசை. சாமான் எடுத்துவைக்கும்போது கதையை முழுதாகச் சொன்னேன், மாத்திரையை வீசியது வரைக்கும். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த பஞ்சுக் கட்டைக் கீழே வைத்தார்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது எந்த டாக்டர்?"

யாரும் இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தன்னுடைய பொருளை யாருக்காவது எடுத்துக் கொடுக்கிறாரா?

சாக முடிவெடுத்தவர்கள் அப்படிக் கொடுப்பது உண்டு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிள் என்றேன்.

"போன் அங்க இருக்கு. மொதல்ல அவர் எங்க இருக்காருன்னு கேளு. அப்புறம் பாண்டிச்சேரி டாக்டர நான் பாத்துக்கறேன்."

சுரங்கத்துக்குப் போன் போட்டேன். ஷிப்ட் இன்சார்ஜ் எடுத்தார். சண்முகவேல் பெல்ட் லைனில்தான் நடந்துகொண்டிருப்பார், வேறெங்கே போவார் என்றார். உடனே பெல்ட்டை நிறுத்துங்கள், ஆட்களை விட்டுத் தேடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். பெல்ட் நின்றால் பின்னால் கரி வெட்டும் பெரிய மெஷின் நிற்கும், உற்பத்தி நிற்கும், மேலிடம் வரை கேள்வி வரும். என் கையில் என்ன ஆதாரம்? ஒரு சைக்கிள். ஒரு சிஸ்டரின் கேள்வி. ஆள் காணாமல் போனதாகக்கூட யாரும் சொல்லவில்லை. தவறாக இருந்தால் சுரங்கம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும். இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்பீர்கள், ஒருநாள் இல்லை ஒருநாள். புத்தகம் அந்த நேரத்தில் உங்களுக்கு உதவாது. தப்பாய்ப் போனால் போகட்டும் என்று அசட்டுப் பட்டம் வாங்கத் தயாராக இருப்பவன்தான் அங்கே உபயோகப்படுவான்.

"சார், நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன். விவரம் அப்புறம் சொல்றேன். மொதல்ல நிறுத்துங்க, என் பேர எழுதிக்கங்க" என்றேன். அவர் நல்ல மனிதர். நிறுத்தினார்.

வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியது. பராமரிப்பு நேரம் தவிர, ஓடும் பெல்ட்டின் இரைச்சல் இல்லாமல் அந்தப் பள்ளத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் லைனில் இல்லை. நாலா பக்கமும் ஆட்கள் போனார்கள். ஏழுமலைதான் கண்டுபிடித்தான். யாருக்கும் வேலையில்லாத ஒரு மேட்டின் ஓரத்தில், பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் திறக்காத டிபன் பாக்ஸ். ஏழுமலை ஓடப்போனான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். மெதுவாகப் போய் அவருக்குப் பக்கத்தில், தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தேன்.

படமாக இருந்தால் இங்கே ஒரு நீள வசனம் வரும். வாழ்க்கை எவ்வளவு அழகு, உன் குழந்தைகளை நினைத்துப் பார் என்று. என் வாயிலும் அது வந்தது. விழுங்கிவிட்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். "நான் பண்ணுனது தப்பு. மாத்திரைய நான் எறிஞ்சிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

 அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"சிரிச்சு சிரிச்சுத் தாடை வலிக்கு, சார்."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை. பூட்ஸை ஏழுமலை எடுத்துக்கொண்டான். மூன்று பேரும் வண்டிவரை நடந்தோம்.

பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் கோட்ரஸில் கோமதியை ஏற்றிக்கொண்டோம். குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு வந்தார்.  கடலூர் தாண்டி, அவர் மடியில் தலைவைத்து சண்முகவேல் தூங்கிப்போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்கு வந்தா சுவத்தப் பாத்துப் படுத்துக்கிடுவாக. ஏன்னு கேட்டா, அங்க எட்டு மணி நேரம் சிரிக்கணும்லா, களைப்பா இருக்குங்காக. உங்களுக்காகத்தான் சிரிச்சாக. நீங்க எல்லாரும் அம்புட்டு ஆசப்பட்டீகளாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை.

இப்போது என் கோபம் எதன் மேல் என்று உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் மேல்தான் முதலில். நடந்ததை எழுதிக்கொடுத்தேன், மெமோ வாங்கினேன், அது நியாயம். ஆனால் அந்தப் படத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு, ஆறவே ஆறாத கோபம். ஒரு மனிதன் இருட்டில் கிடப்பதைக் காட்டுகிறாய், சரி. வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறாய், சந்தோஷம். அவன் எழ மறுத்தால் அது சுற்றியிருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று ஏன் எங்களை நம்பவைத்தாய்? அந்தப் படம் நோயாளிக்காக எடுத்தது இல்லை. நோயாளியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எங்களைப் போன்றவர்களுக்காக எடுத்தது. எங்கள் மனசு லேசாவதற்காக. அந்தப் பாரத்தையும் சண்முகவேல்தான் சுமந்தார். ஏற்கெனவே எழ முடியாதவர், எங்கள் சந்தோஷத்தையும் சேர்த்துத் தூக்கினார்.

நீங்கள் படம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு பார்க்க. நானும் வருகிறேன். ஆனால் சோர்ந்திருப்பவனைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்து, முடிந்ததும் அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள். பாவம், சிரித்துவைப்பான்.

சண்முகவேல் மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அன்று காலை சுரங்க வாசலில் ஏழெட்டுப் பேர் மாலையோடு நின்றார்கள். நான் போய் மாலையைப் பிடுங்கி டீக்கடைக்காரரிடம் கொடுத்து, உள்ளே வை என்றேன். கையிலிருந்து பிடுங்கும் அளவுக்கு உனக்கு என்ன திமிர் என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். பிடிக்கட்டும் என்று விட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் எங்களைத் தாண்டி, தலையை மட்டும் அசைத்துவிட்டு, உள்ளே போனார். கொஞ்சம் குண்டாகியிருந்தார், நடை மெதுவாக இருந்தது. மாத்திரை தொடர்ந்தது. அதைக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் திரும்பி வரவில்லை. கோமதி வீட்டிலேயே கொடுத்தார்.

அவர் பாட்டுப் பாடவில்லை. யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. சில நாள் பீர்க்கங்காய் கொண்டுவந்தார், சில நாள் ஒன்றும் கொண்டுவரவில்லை. என்னோடு அளவாகத்தான் பேசினார். ஏழுமலைக்கு ஒரு வழியாகப் பர்மனென்ட் ஆயிற்று. இப்படியே இரண்டு வருஷம் போனது.

ஒரு மழைக்காலம். முதலுதவி நிலையத்தில் நான் தனியாக இருந்தேன். சண்முகவேல் உள்ளே வந்து, ரெயின்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் காயமா என்று பார்த்தேன். இல்லை.

"மறுபடி வந்துட்டு, சார்" என்றார். "பாண்டிச்சேரிக்கு ஒரு லெட்டர் வேணும்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு நாளாக என்றார். கோமதிக்குத் தெரியுமா என்றேன். அவர்தான் அனுப்பினாராம், பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறாராம். முகத்தில் சிரிப்பு இல்லை. எங்களுக்காக எதையும் வரவழைத்துக்கொள்ளவும் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டருக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் எழுதித் தருகிறேன் என்றார். வழியில் வாங்கிக்கொள்ளும்படி விவரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இன்சார்ஜுக்கு லீவ் தகவல் சொன்னேன். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

வெளியே ஏழுமலை மழையில் நின்றிருந்தான். சண்முகவேலைப் பார்த்தான், கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். அவர் டார்ச்சையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டான்.

"உங்க லைன நான் பாத்துக்கறேங்க. போயிட்டு வாங்க."

சண்முகவேல் அவனிடம், ஏழாம் கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் உருளை சத்தம் போடுகிறது, கவனி என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.